கொழாயின் முகம்

மூக்கையூர்த் திடலில் பதினோரு வருசமாய்
மைக் என் கையில்.
புள்ளி சொல்வேன், நன்கொடை சொல்வேன்,
காணாமல் போன பைக் சாவி சொல்வேன்.
கஸ்பார் பாடிப் போகும்போது மட்டும்
வாயை மூடிக்கொள்வேன்.
அவன் மூச்சு கடைசி வரிசைக்கும் கேட்கும்.

ஏழு பேர் மேலே கிடக்க
நடுக்கோட்டை நோக்கி நீளும் ஒற்றைக் கை.
லீக் ஏலத்தில் அது பதினெட்டு லட்சம் போன அன்று
இறால் வண்டிகளின் நெற்றியில் எல்லாம்
அவன் படம் ஒட்டினோம்.
மீன் தண்ணீர் ஒழுகி
ஒரு வாரத்தில் முகம் கரைந்துவிட்டது.

அதே கை வீட்டுக்குள் என்ன செய்தது என்பதை
ராமநாதபுரம் கோர்ட்டில் ரெக்சலின் சொன்னாள்.
"கழுத்துல இருந்துச்சு, ஐயா.
எண்ணிக்கிட்டே இருந்தேன்.
பன்னெண்டு வரைக்கும் ஞாபகம்."
சொன்ன குரல் அவளுடையதல்ல.
பழைய குரல் அன்றோடு போயிற்று.

வக்கீலுக்கு ஊரில் பணம் பிரித்தோம்.
அவளுக்கு இல்லை, அவனுக்கு.
என் பங்கு ஐநூறு.
எல்லா நன்கொடையும் மைக்கில் சொல்கிறவன்
இதை மட்டும் சொன்னதில்லை.

மூன்று வருசம் மதுரைச் சிறை.
வெளியே வந்தான்.
ஊர்க் குழு நன்னடத்தைச் சான்று கொடுத்தால்
ஆடலாம் என்றது சங்கம்.

"அடைச்ச கடனுக்கு மறுபடி வட்டியா?" என்றார் பொருளாளர்.
"கொத்தன் செயிலுக்குப் போய் வந்தா
கரண்டியப் புடுங்குறோமா?"
இடது மூலையில் நின்று பிடிக்கிற சின்னப்பையன்
தரையைப் பார்த்தபடி சொன்னான்:
"கொத்தனுக்கு யாரும் விசில் அடிக்கிறதில்லண்ணே."

பதில் வரவில்லை. டீ வந்தது.
நான்காவதாய்க் கையெழுத்துப் போட்டேன்.
ஐந்தாவது ஆளும்
என் பேனாவைத்தான் வாங்கிக்கொண்டார்.

சந்தியாகப்பர் திருவிழா. முதல் நாள் ஆட்டம்.
கம்பத்தில் நான்கு கொழாய்.
ஒன்று ஐஸ் பிளான்ட்டைப் பார்த்து இருந்தது.
இரவு ஷிப்டில் அங்கே
ரெக்சலின் கட்டிகளை எண்ணி எழுதுகிறாள்.
நானே ஏறி அதைக் கடல் பக்கம் திருப்பினேன்.
பெரிய நியாயம் ஒன்றைச் செய்துவிட்டவன் போல
வேட்டியைத் தட்டிக்கொண்டு இறங்கினேன்.

அவன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டான்.
ஒரு பக்கம் கைதட்டல், ஒரு பக்கம்
எழுந்து போகும் நாற்காலிச் சத்தம்.
உடம்பு கனத்திருந்தது, இருபத்திரண்டு நொடிதான் மூச்சு.
ஆனாலும் இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பினான்.
என் நாக்கு பழக்கத்தில் ஓடியது:
"நம்ம ஊர்ப் பிள்ளை! நம்ம ஊர்ச் சிங்கம்!"

மறுநாள் காலை
பந்தலுக்கு எடுத்த ஐஸுக்குக் காசு கொடுக்கப் போனேன்.
ஷிப்ட் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.
"கொழாயத் திருப்புனீங்களாமே" என்றாள்
அந்தக் கிழிந்த குரலில்.
"கச்சான் அடிக்கிற மாசம்.
கடலுக்குச் சொன்னதெல்லாம் கரைக்குத்தான் வரும்."

நோட்டுகளை எண்ணினாள்.
"ஆடட்டும். ஆடினாத்தான் பிள்ளைக்கு
கோர்ட்டு சொன்ன பணம் வரும்.
அதுக்காகக் கும்பிடுறேன்னு நினைக்காதீங்க.
நம்ம ஊரு, நம்ம ஊருன்னீங்களே,
நான் எந்த ஊருண்ணே?"

அறைக்குள் கட்டி ஒன்று வெடித்தது.
என் பேர் அவளுக்குத் தெரியும்.
இருந்தும் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து
"யார் பேருக்கு எழுத?" என்றாள்.
குழு பேருக்கு என்று சொல்ல வாயெடுத்து
என் பேரைச் சொன்னேன்.
எழுத்து எழுத்தாய், கேட்டுக் கேட்டு எழுதினாள்.

இன்று இரவு இறுதி ஆட்டம்.
ரேடியோ செட்காரன்
ஏணியில் பாதி ஏறி நிற்கிறான்.
"அண்ணே, அந்த நாலாவது கொழாய்
எந்தப் பக்கம்?"