நாலே முக்கால் பஸ்

சமவாய்ப்புக் குழுவுக்கு
என்னைச் செயலர் ஆக்கினார்கள்.
கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது காரணம்.

உதகையில் எங்கள் புவியியல் துறை
சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஓட்டுக் கட்டடம்.
முதல் கூட்டத்துக்கு வர்க்கியும் டீயும் வந்தன.
ஐந்து பேர்.
ஐந்து பேர் வீடும்
குடை விரிப்பதற்குள் போய்ச் சேரும் தூரம்.
தீர்மானம் ஒன்று: பதாகை வைப்பது.
தீர்மானம் இரண்டு: படிவம் கொடுப்பது.
மூன்றாவதை எழுதும்போது பேனா தீர்ந்தது.
அது என்னவென்று இப்போது யாருக்கும் நினைவில்லை.

படிவங்கள் திரும்பி வந்தன.
தாய்மொழிக் கட்டத்தில்
படுகு, தமிழ், மலையாளம்.
ஒருத்தி ‘பணியர் பேச்சு’ என்று எழுதி
அடித்துவிட்டுத் தமிழ் என்று திருத்தியிருந்தாள்.
யோகமலர்
பூர்வீகம் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள்.
கூட்டினேன், சதவீதம் போட்டேன்,
வட்டத்தை வெட்டி வண்ணம் தீட்டினேன்.
அழகாகத்தான் இருந்தது.
தலைவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போடச் சொன்னார்.

வியாழக்கிழமைக் கருத்தரங்கம் மாலை நாலு மணிக்கு.
ஏன் நாலு?
துறை பிறந்ததிலிருந்து நாலு.
பேச்சு, கேள்வி, பிறகு டீ.
களப்பணிக்கு யார், ஆய்வுக்கு யாரை யார் எடுப்பது
எல்லாம் அந்த டீயில்தான் முடிவாகும்.

யோகமலர் கதவோரம்
மடியில் பையோடு உட்காருவாள்.
நாலு இருபதுக்கு எழுந்து போவாள்.
அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தில் ஒரு வரி:
‘கூர்மையானவர்; ஆயினும்
துறை நிகழ்வுகளில் ஈடுபாடு குறைவு.’
அந்த ‘ஆயினும்’ என்னுடையது.
நல்ல கையெழுத்தில்.

மழைமானி ஒன்று பழுது.
துறை ஜீப்பும் பட்டறையில்.
ஒரு வியாழன் நானே மஞ்சூருக்குப் பஸ் ஏறினேன்.
கிளம்பும் நேரத்தில்
மூச்சிரைக்க ஏறினாள் அவள்,
பின்னாலேயே எங்கள் பிள்ளைகள் மூன்று பேர்.
எல்லாரும் கதவோரத்துக்காரர்கள்.
என்னைக் கண்டதும் இடம் தேடித் தவித்தார்கள், எனக்காக.
“இதை விட்டா அடுத்தது எப்போம்மா?”
“காலையில, மேடம்.”

இத்தலார் தாண்டியதும் மூடுபனி.
வளைவில் இரண்டு காட்டெருமை;
டிரைவர் அவை நகரும்வரை காத்திருந்தார்.
மஞ்சூரில் இறங்கி டார்ச்சை எடுத்தாள்.
தோட்டத்து லைனுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர்.
“பழகிடுச்சு மேடம்.”
கடிதம் போன மாதமே போய்விட்டது.
லாட்ஜில் வெந்நீர் வரவில்லை, அதுதான் தூங்கவிடவில்லை
என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில்
தீர்மானம் மூன்று என்று எழுதி
பகல் பன்னிரண்டு மணி என்றேன்.
மரபு என்றார் தேவவரம் சார்.
சாப்பாடு பிந்தும் என்றார் இன்னொருவர்.
“நாலு பேருக்காகவா?”
நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றுதானே சார்
நாம் எதையும் செய்கிறோம், செய்யாமல் விடுகிறோம்?
இந்த நாலு பேர் ஒன்றுமே சொல்லவில்லை.
மூன்றுக்கு இரண்டில் தேறியது.

முதல் பன்னிரண்டு மணிப் பேச்சு என்னுடையதாக அமைந்தது.
குந்தாவின் மண்சரிவும் மழையளவும்.
ஏழு மழைமானிகள், ஆறு வருடம்.
கைதட்டல்.
கதவோரம் ஒரு கை உயர்ந்தது.
பை இன்னும் மடியில்தான்.

“மேடம், ஏழு மானியும்
ஜீப் போற ரோட்டுலயே இருக்கே.
சரிஞ்சது லைனுக்கு மேல.
அங்க பெஞ்ச மழைய யாரு அளந்தா?”

நிதி, பாதை, பராமரிப்பு.
மூன்று பதில்கள் இருந்தன, மூன்றையும் சொன்னேன்.
அவள் தலையாட்டவில்லை.
குறித்துக்கொண்டாள்.

டீக்கு இருந்தாள்.
வர்க்கியை உதிராமல் தின்னப் பார்த்துத் தோற்றாள்.
வெகுநேரம் யாரும் பேசவில்லை அவளோடு.
பிறகு தேவவரம் சார், எரிச்சலோடுதான்,
“உங்க லைன் என்ன உயரத்துல இருக்கு?” என்றார்.
சொன்னாள்,
மீட்டரில்,
தசமப் புள்ளியோடு.