நான்காம் பிரிவு

அறை எண் முந்நூற்றாறு.
கையை நீட்டினால் இந்தச் சுவர்,
காலை நீட்டினால் அந்தச் சுவர்.
சியோலில், நொர்யாங்ஜினில்,
காவலர் தேர்வுக்கு எனக்கு இது மூன்றாவது குளிர்காலம்.

முந்நூற்றேழை நான் பார்த்ததே இல்லை.
கதவில் ஒட்டும் மஞ்சள் தாளில்தான் பழக்கம்.
"பேனாவைச் சொடுக்காதீர்கள்."
"பக்கத்தை மெதுவாகப் புரட்ட முடியுமா?"
ஒருமுறை,
"இருமலுக்கு மருந்து சாப்பிடுங்கள்."
அது அக்கறையா புகாரா என்று
ஒரு வாரம் யோசித்தேன்.

நேற்றுக் காலை மாதிரித் தேர்வு.
பதினேழாம் கேள்வி:
குடித்துவிட்டுத் தன் உயிருக்கே ஆபத்தாகக் கிடப்பவரை
நிலையத்தில் எத்தனை மணி நேரம் வைத்துப் பாதுகாக்கலாம்?
பன்னிரண்டை வட்டமிட்டேன்.
இருபத்துநான்காம்.
காவலர் பணிச் சட்டம், நான்காம் பிரிவு.
போன வருஷம் அரை மதிப்பெண்ணில் போனவள் நான்.
விட்டுப்போன பன்னிரண்டு மணி நேரமும்
நாள் முழுக்கத் தொண்டையில்
முள்ளாக நின்றது.

வாசிப்பறையைப் பூட்டிய பிறகு
பிடிவலுவுக்கான சுருள்கம்பியை
அழுத்தி அழுத்தி விட்டபடி நடந்தேன்.
மீன் சந்தைப் பக்கத்துப் படிக்கட்டில்
ரப்பர் பூட்சோடு ஒருவர் கிடந்தார்.
முகத்தில் விழுந்த பனி
கரையாமல் இருந்தது.

பாதுகாப்பு நடவடிக்கை, என்றது மூளை.
முதல் உட்பிரிவு, என்றது.
கால் நகரவில்லை.
தினமும் விடியலில்
ஆற்றங்கரையில் ஓடப் பழக்கிய கால்.

எப்படியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
112-க்குப் பேசும்போது
தெருப்பெயர் குழறியது.
செதில் ஒட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு
தூங்காதீங்க, தூங்காதீங்க என்றேன்.
அவர் கண்ணைத் திறக்காமல் விலை சொன்னார்:
"வாளை. பெட்டி நாற்பதாயிரம்."
முப்பது, என்றேன்.
"முப்பத்தெட்டு."
முப்பத்திரண்டு.
ஏழு நிமிடம்,
இல்லாத மீனுக்கு விடாமல் பேரம்.

வந்த காவலருக்கு என் வயதுதான் இருக்கும்.
பெயர்ப்பட்டையில் குவாக்.
எந்தப் பிரிவையும் அவர் சொல்லவில்லை.
தன் கையுறையைக் கழற்றி அவருக்கு மாட்டப் பார்த்தார்;
கட்டைவிரல் போக வேண்டிய இடத்தில்
சுண்டுவிரல் போனது.
"ஐயா, விரலைக் கொஞ்சம் கொடுங்க" என்றார்.
பிறகு என்னிடம்,
"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

நான்கு விடைகள் கண்முன் வந்தன.
ஒன்றும் பொருந்தவில்லை.
"மீன் வாங்க வந்தேன்," என்றேன்.

காலையில் கதவில் மஞ்சள் தாள்.
"இரவு 1.40. கதவுச் சத்தம்."
மன்னிக்கவும், என்று எழுதினேன்.
ஏனென்று தெரியவில்லை,
இருபத்துநான்கு மணி நேரம், என்றும்
கீழே எழுதி, அடித்துவிட்டேன்.
தாளிலும் மீன் வாடை.

மாலையில் திரும்பி வந்தபோது
அடித்த வரிக்கும் கீழே
பென்சிலில், பொடி எழுத்தில்:
"நானும் பன்னிரண்டுதான் போட்டேன்."