விசிறிக் கணக்கு

தாவ்யுவான் ஊருக்குத் தெற்கே, சுங்கச்சாவடி தாண்டி
எங்கள் தொழிற்சாலை.
கணினிக்குள் சுழலும் விசிறி செய்கிறோம்.
உள்ளங்கையில் மூன்று அடங்கும்.

ஆர்டர் எழுதுகிறவள் நான், யுன்-ரூ.
சிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.
அது சுடும். சுட்டால்தான் எங்களுக்குச் சோறு.
அவ்வளவுதான் என் படிப்பு.

மார்ச் மாதத் தாளில்
மெல்லிய மடிக்கணினிக்கு நேரே
ஒரு பூஜ்யம்.
தட்டச்சுப் பிழை என்று போன் போட்டேன்.
கடலுக்கு அந்தப்பக்கம் ஒருத்தி, தூக்கக் குரலில்,
"பிழையில்லை" என்றாள்.
அடுத்த வார்த்தையை விழுங்கினாள்.
விழுங்கியது எனக்குக் கேட்டது.

அன்று மத்தியானம் சோற்று டப்பாவின் மூடியில்
மார்க்கர் பேனாவால் எழுதினேன்:
மெல்லியது முதலில், இலையுதிர்வதற்குள்.
அப்புறம் அந்தச் சதுரப் பெட்டி.
திரையோடு ஒட்டிய மேசைக் கணினி, அடுத்த வசந்தம்.
கடைசியில், கேட்பார் அற்றுப்போனபின்,
பெரிய கோபுரம்.
அதற்குள் எங்கள் விசிறி ஆறு.

அசெம்ப்ளி பாவ்-ஷெங் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.
"விலை கூடினதைத்தான் முதலில் மாற்றுவான் எவனும்."
"சூடு பொறுக்கிற இடத்தில்தான் முதலில் கை வைப்பான்."
பந்தயம்: ஒரு கிண்ணம் மாட்டுக்கறி நூடுல்ஸ்.

சாயங்காலம் மண்தெய்வத்தின் கோயிலில்
பிறைக்கட்டைகளை வீசிக் கேட்டேன்.
இரண்டும் மல்லாந்து விழுந்து ஆடின.
சாமி சிரிக்கிறது என்று அர்த்தம்.
கேள்வி சரியில்லை என்றும் சொல்வார்கள்.

நவம்பரில் வந்தது மெல்லியது.
கடைக்குப் போய்க் காதை வைத்துப் பார்த்தேன்,
நாடி பிடிக்கிறவள் மாதிரி.
ஒரு மூச்சுகூட இல்லை.
"சத்தமே வராது, அக்கா"
என்றான் விற்பனைப் பையன், தானே செய்ததுபோல.

நூடுல்ஸ் வாங்கித் தந்தான் பாவ்-ஷெங்.
அவனுடைய மூன்றாம் வரிசையை
அந்த வாரம்தான் நிறுத்தியிருந்தார்கள்.
சில்லறையாக எண்ணி வைத்தான்.
எனக்குக் குழம்பு மட்டும் இறங்கியது.

சதுரப் பெட்டியில் தோற்றேன்.
மெல்லியதோடு அதே நாளில் மாறியது அது,
ஆனால் விசிறியை விடவில்லை.
மேசைக் கணினி சொன்ன வசந்தத்திலேயே.

கோபுரத்துக்கு நான் குறித்த மாதம்
வந்து, போய், எட்டு மாதமாகிறது.
தாள் வந்ததும் கடைசி வரியைத்தான் முதலில் பார்க்கிறேன்.
ஆறு.
இன்னும் ஆறு.

முதல் வரிசை ஓடிக்கொண்டிருக்கிறது.
பாவ்-ஷெங் இப்போது அதில் இரவு ஷிப்ட்.
டப்பா மூடியைத் தினமும் கழுவுகிறேன்,
எழுத்து இருக்கும் பக்கத்தை
அழுத்தித் தேய்க்காமல்.