புள்ளி வட்டம்

சோஹார். வியாழன், மதியம் இரண்டு மணி.
மூன்றாம் அரங்கின் கேபிள்
ஆட்டினால் படம் வரும், விட்டால் போய்விடும்.
"வகுப்பு முடியும்வரை இங்கேயே இரு" என்றார் சுபைர்.
உட்கார்ந்தேன் கடைசி வரிசையில்,
மடியில் டெஸ்டரும் ஒரு சுருள் டேப்பும்.

சட்டைப் பையில் ஏ.வி. என்று தைத்திருக்கிறது.
நம் பக்கம் அது ஊரும் தகப்பனும்.
இங்கே ஒலி, ஒளி.

முனைவர் ரய்யா பாதி அரபியில், பாதி ஆங்கிலத்தில்
டிஜிட்டல் இலக்கியம் என்றார்.
காகிதத்தில் இருந்ததைத் திரையில் ஏற்றினால் ஆகிவிடாது,
மின்சாரம் போனால் எது செத்துப்போகுமோ
அதுதான் என்றார்.
மின்சாரம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சொடுக்கச் சொடுக்கச் சொல் உதிரும்
ஒரு கவிதையைக் காட்டினார்.
இருபதாவது சொடுக்கில் வெறும் வெள்ளை.
இந்த வெள்ளையை எழுதியது யார்,
கவிஞரா, சொடுக்கியவரா?
யாரும் பேசவில்லை. நாளை விடுமுறை.
முன்வரிசை யக்தான்
கார்ச்சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான்.
எனக்கு ஒரு பதில் தெரியும்:
சொடுக்கிக்குக் காலையில் பேட்டரி மாற்றியவன்.
சொல்லவில்லை.

பிறகு ஒரு விளையாட்டு.
திரையில் கட்டம் கட்டமாய் ஒரு குறி.
அதைப் போனில் பிடித்து ஆளுக்கொரு சொல் அனுப்பவேண்டும்.
மேலிருந்து அரபியில் விழுந்தன
கடல், காதல், பீட்ஸா, மறுபடி கடல், தூக்கம்.
நானும் அனுப்பினேன்.
ஏனென்றால் தெரியாது, விரல் தானாக அடித்தது
மைக்கைத் தட்டி நாளும் நான் சொல்லும் சொல்லை,
இரவு ஒன்பதரைக்கு அவளிடம்
எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்பதை:
கேட்குதா?

விழுந்தது.
ககரம் தனியாக.
அதற்கு முன்னே நிற்கவேண்டிய இரட்டைக்கொம்பு
பின்னால், ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு.
டகரத்தின் புள்ளி வேறொரு வட்டத்தின் தலையில்.
கடைசியில் ஒரு கால் மட்டும், ஆளில்லாமல்.
எழுத்து வராத இடத்தில்
கணினி போட்டுவைக்கும் காலி நாற்காலி அந்த வட்டம்.

"ஆ!" என்றார் ரய்யா.
"ஒரு மொழி தன் எலும்பைக் காட்டுகிறது, பாருங்கள்.
பிழையல்ல இது, படைப்பு."
புதைனா என்ற பெண் படம் எடுத்தாள்.
யக்தான்கூடக் குறிப்பெழுதினான்.

எலும்பெல்லாம் இல்லை மேடம்,
இந்த மெஷினில் இருப்பது
தமிழைக் கோக்கத் தெரியாத ஓட்டை எழுத்துரு
என்று எழுந்து சொல்ல வாயெடுத்தேன்.
அந்நேரம் பார்த்துத் திரை கறுத்தது.
ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.
மீதி வகுப்பு முழுக்க இலக்கியம்
என் கட்டைவிரல் அழுத்தத்தில் ஓடியது.

எல்லோரும் போனபின்
நல்ல எழுத்துரு ஒன்றை ஏற்றினேன். பதினோரு விநாடி.
கொம்பு முன்னால் வந்து நின்றது.
புள்ளி தன் டகரத்தின் உச்சிக்கு ஏறியது.
வட்டங்களைக் காணோம்.
ஆளில்லாத அரங்கில், மூன்று மீட்டர் அகலத்துக்கு,
கேட்குதா?

மறந்துபோன சார்ஜருக்காகத் திரும்பி வந்தார் ரய்யா.
திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"நீங்களா அது?"
தலையாட்டினேன்.
"முன்பிருந்ததுதான் அழகு" என்றார்,
நிஜமான வருத்தத்தோடு.
கதவருகே நின்று, "என்ன அர்த்தம்?"
"மைக் டெஸ்ட், மேடம்."

பதிவேட்டில் எழுதினேன்:
அரங்கு மூன்று, கேபிள் மாற்றவேண்டும்.
எழுத்துருவைப் பற்றி எழுத அதில் கட்டமில்லை.
புரொஜெக்டரை அணைத்தேன்.
விளக்கு போனபிறகும் உள்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.
சூடு இறங்கும்வரை
கதவைப் பூட்டக் கூடாது.