எண்பத்தெட்டு

இந்த இயந்திரம் கடற்கரைக்காரர்கள் செய்தது.
தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கினால்
அலறும்.

எல் ஆல்ட்டோவில், நாலாயிரம் மீட்டருக்கு மேலே,
எல்லாக் குழந்தைக்கும் அலறும்.
வந்த முதல் வாரமே அதன் வாயை அடைத்துவிட்டோம்,
ஒரு பிளாஸ்திரி ஒட்டி.

இங்கே எண்பத்தெட்டு என்றால் நலம்.
எண்பத்தைந்து என்றால் பார்க்கலாம்.
எண்பத்திரண்டு என்றால்
யாராவது ஒருவர் சொல்வார்: உயரம்தான், மலைக்காற்று மெலிசு.
படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு.
உயரம்.
பேனா தானாகவே போய் அங்கே டிக் போடும்.

ஜூன் மாதம் நானும் போட்டேன் ஒன்று.
அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

இன்றிரவு பிரிமிட்டீவாவின் பெண்குழந்தை.
பிறந்து முப்பத்தோரு மணி நேரம்.
பெயர் இன்னும் வைக்கவில்லை. இங்கே எல்லாரும்
பிள்ளையை வாவா என்பார்கள்,
பெயர் வந்த பிறகும் வாவாதான்.
பால் குடிக்கிறாளா? குடிக்கிறாள், பாதியில் தூங்கிப்போகிறாள்.
எல்லா வாவாவும் தூங்கும்.
நெற்றியில் வேர்வை.
அறையில் ஹீட்டர் கெட்டு மூன்று நாள்.
கம்பளிக்குள் என் விரல் விறைக்கிறது,
இவளுக்கு எதற்கு வேர்வை?

செம்புநிறத் தோலில் நீலம் சட்டென்று தெரியாது.
வாயைத் திறந்து நாக்கைப் பார்க்க வேண்டும்,
டார்ச்சில் அல்ல, ஜன்னல் வெளிச்சத்தில்.
ஜன்னலில் இருட்டு.
நாக்கு சிவப்பா, ஊதாவா,
சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

வலது கையில் சுற்றினேன்: எண்பத்தெட்டு.
நலம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.
காலில் சுற்றினேன்: எழுபத்தாறு.
பாதத்தைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி: எழுபத்தைந்து.
மற்ற காலில் எழுபத்தாறு.

மலைக்கு வஞ்சகம் தெரியாது.
எடுத்தால் கைக்கும் காலுக்கும் ஒரே அளவாய்த்தான் எடுக்கும்.

தொடை இடுக்கில் இரண்டு விரல் வைத்தேன்.
துடிப்பு இருக்க வேண்டிய இடம்.
ஏதோ துடித்தது.
அவளுடையது என்று நம்ப ஆசையாக இருந்தது.
மூச்சை அடக்கிக் காத்திருந்தேன்.
என் விரலுடையதுதான்.

டாக்டர் அயோரோவா போனில், தூக்கக் குரலில்:
"உயரமாக இருக்கும், பெனிட்டா."
"கைக்கு இல்லாத உயரம் காலுக்கு மட்டுமா, டாக்டர்?"
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு கட்டில் கிறீச்சிடும் சத்தம்.

பிறந்ததும் மூடிக்கொள்ளும் சின்னக் குழாய் ஒன்று உண்டு,
இதயத்தின் பக்கத்தில்.
மூடினால்தான் நல்லது, மற்ற எல்லாருக்கும்.
இவளுக்குப் பெரிய வழி நடுவில் நெரிந்திருக்கிறது போல.
கால்வரை போகிற இரத்தமெல்லாம்
மூடப்போகும் அந்தச் சந்துவழியே போகிறது.
குளிர்பெட்டியில், தடுப்பூசிகளுக்குப் பின்னால்,
ஒரே ஒரு ஆம்பூல்.
திறந்தே இரு என்று குழாயிடம் சொல்லும் மருந்து.

பிரிமிட்டீவாவுக்கு வயிற்றில் தையல், ஏற விடவில்லை.
முதுகில் பிள்ளை கட்டும் அகுவாயோத் துணியை
மடித்து என் கையில் திணித்தாள்.
ஏறியது தகப்பன் எவுசேபியோ,
மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு
நிறுத்தங்களைக் கூவி ஆளேற்றுகிறவன்.
குரல் என்றைக்கோ போய்விட்டது, கரகரப்புதான் மிச்சம்.

லா பாஸ் நோக்கி வளைந்து வளைந்து இறங்கினோம்.
வளைவுக்கு வளைவு காற்று தடித்தது.
கையில் எண்பத்தொன்பது. தொண்ணூறு.
தொண்ணூற்றிரண்டு.
காலில் எழுபத்தாறு.
ஐநூறு மீட்டர் இறங்கியும் எழுபத்தாறு.

மலை தன் பங்கை எடுத்துக்கொண்டு விலகிவிட்டது.
மிச்சம் நிற்பது நோய்.
ஜூனிலும் காலில் ஒருமுறை சுற்றியிருந்தால்.

படிவத்தை முழங்காலில் வைத்து
உயரம் என்ற கட்டத்தை அடித்தேன்.
தாள் கிழிந்தது.

எவுசேபியோ அந்தப் பாதத்தின்மேல் குனிந்து,
உடைந்த குரலில், ஆளேற்றும் அதே ராகத்தில்,
வாவா, வாவா,
என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

எழுபத்தேழு என்றது இயந்திரம்,
ஒரு கணம்.
பிறகு ஆஸ்பத்திரி வாசல்,
யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள்.