ஒரு புள்ளிக்கு நூறு ஆடு

முதலில் வட்டம் வரைந்தாள் ஒத்கோன்சுரேன்.
நான்கு துண்டு, நான்கு நிறம்.
கேக் வெட்டி வைத்தாற்போல் இருந்தது.
பனியில் செத்த ஆட்டை யார் பங்கு போட்டுத் தின்பது?
அழித்தாள்.

அடுத்து வரைபடம்.
விழுக்காடு கூடக்கூடச் சிவப்பு.
தெற்கே கோபி முழுக்கப் பற்றி எரிந்தது,
அங்கே இருப்பதோ எழுபது குடும்பம்.
பரப்பு பெரிதென்றால் பாடும் பெரிதா?
வடக்கில் நகத்தளவு வட்டாரம் வெளிறிக் கிடந்தது
பட்டிக்குப் பட்டி விறைத்த கால்களோடு.

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
பால்தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது.
உலான்பாதர் ஒரே பக்கம் கேட்கிறது, விடிவதற்குள்.

புள்ளி வைத்தாள்.
ஆற்றோரம் அடர்ந்தது, மலைமடிப்பில் கருத்தது,
கோபியில் தூறலாய் நின்றுபோனது.
இதுதான் என்று கையெடுத்தபோது
அட்டவணையின் கடைசி வரி:

தொல்கோர்மா. தனி ஆள்.
முப்பத்தொன்பது உருப்படி. மிச்சம் இல்லை.
அவளுக்குப் புள்ளியும் இல்லை.

புள்ளிக்குப் பத்து என்று மாற்றிப் பார்த்தாள்.
நாடே மையில் முழுகியது.
திரும்ப நூறு.

பிறகு கீழே ஒரு குறிப்பு:
‘நூறுக்குக் குறைந்த சாவுகள் இந்தப் படத்தில் இல்லை.’
அந்த எழுத்தை இழுத்து இழுத்து
தலைப்பின் அளவுக்குக் கொண்டுவந்தாள்.