2.51, லோரி

நிபோங் திபால், இரவு இரண்டு நாற்பது.
கேசரிப்பொடி நிறச் சாயம்
குழாய்முனையிலிருந்து தகடாய்ப் பாய்கிறது.
என் நகக்கண்ணில் போன வாரம் ஏறியது
இன்னும் போகவில்லை.

திருகாணியை ஒரு மயிரிழை திருப்பினால் மஞ்சள்,
இன்னும் ஒரு மயிரிழை, சிவப்பு.
நிறம் சொன்ன பேச்சு கேட்கும்.
துடிப்புதான் கேட்காது.

கண்ணாடிகளுக்கிடையே அலையும் ஆயிரம் அலைகளும்
ஒரே கணத்தில் கால் ஊன்ற வேண்டும்.
ஊன்றினால் திரையில் ஒற்றை ஊசி:
நொடியைக் கோடியால் வகுத்து
மறுபடி லட்சத்தால் வகுத்த துணுக்கு.

பதினோரு நிமிடம் நின்றது.
செம்பனைக்குலை ஏற்றிய லோரி
ஆலைப்பாதை மேட்டில் தடதடக்க
மேசை தும்மியது.
ஊசி இருந்த இடத்தில் லாலான் புல்.

ஓடிப்போய்க் கை காட்டினேன்.
"மேட்டுல மெதுவாப் போங்கண்ணே, வெளிச்சம் உடையுது."
சன்னாசி தலையை நீட்டினார்.
"எவ்ளோ நேரம் எரியும் உங்க வெளிச்சம்?"
சொன்னேன்.
"அதுக்குள்ள நான் எங்கம்மா போயிடப் போறேன்?"

கணக்குப் போட்டேன். உண்மைதான்.
ஓர் அணுவின் அகலம்கூட நகர்ந்திருக்க மாட்டார்.
அந்தத் துணுக்குக்குள் அவர் லோரி நிற்கிறது,
விளக்கொளியில் ஈசல்கள் சிறகு விரித்தபடி,
அவர் சிரிப்பு பாதி வாயில்.

உள்ளிருந்து ஃபஸ்லினா கத்துகிறாள்:
வந்துவிட்டதாம், மூச்சு விடாமல் வரவேண்டுமாம்.

அடுத்த லோரி மூன்றேகாலுக்கு.